கலிபோர்னியாவின் வாக்குப் பலம் மைனஸில் வருகிறது, யாராவது பாருங்கள்

சுங்கைடுவா பையன்:
வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. வெள்ளிக்கிழமைக்குள் அசைன்மெண்ட் அனுப்ப வேண்டும். மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அமெரிக்க அதிபர் தேர்தலில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பலம் என்பதுதான் தலைப்பு. 50 மாநிலமும் வாஷிங்டன் டிசியும் சேர்த்து 51 பேர் ஆடும் ஆட்டம் என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் 538 தேர்வாளர் வாக்கு (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களுக்கு உள்ள வாக்கு), 270 எடுத்தால் வெற்றி. ஒரு மாநிலம் கழன்றுகொண்டால் தோற்றுப்போகிற கூட்டணிகள் எத்தனை என்று எண்ண வேண்டும். பான்ஸாஃப் குறியீடு என்கிறார்கள்.

முதலில் எல்லாக் கூட்டணியையும் ஒவ்வொன்றாக எண்ண விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மடிக்கணினி ரொட்டி சானாய்க் கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது, பதிலைக் காணோம். பிறகு கூடப் படிக்கும் நண்பன் சொன்ன முறைக்கு மாறினேன்: 0 முதல் 538 வரை ஒரு பட்டியல், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அத்தனை வாக்குத் தரும் கூட்டணிகளின் எண்ணிக்கை, மாநிலங்களை ஒவ்வொன்றாக உள்ளே சேர்த்துக்கொண்டு போவது. ஒரு நொடியில் முடிந்துவிட்டது. ஆனால் கலிபோர்னியாவுக்கு மைனஸில் விடை வருகிறது! பைத்தான் நிரல், அதன் எண்கணக்கு நூலகமான நம்பை, விண்டோஸ் கணினி. எங்கே தப்பு?

செந்தூல் அக்கா:
தம்பி, 2-இன் 51-ஆம் அடுக்கு 2,251,799,813,685,248. நொடிக்கு ஒரு கோடி கூட்டணி பார்த்தாலும் ஏழு வருஷம் தாண்டும். மடிக்கணினியைத் திட்டாதே.

மைனஸுக்கு வருவோம். பழைய நம்பை விண்டோஸில் முழு எண்ணை 32 பிட்டில்தான் வைக்கும். 2,147,483,647-ஐத் தாண்டினால் சொல்லாமல் கொள்ளாமல் மைனஸுக்குப் புரண்டுவிடும். எனக்கும் ஆபீஸில் ஒரு முறை இப்படி ஆகி அரை நாள் போனது. 64 பிட் வேண்டும் என்று எழுதிக் கொடு, சரியாகிவிடும்.

சுங்கைடுவா பையன்:
மாற்றிப் பார்த்தேன் அக்கா. இன்னும் மைனஸ்தான். என்ன ஒன்று, முன்பு பட்டியலின் ஆரம்பப் பக்கமே வந்தது, இப்போது கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

செந்தூல் அக்கா:
அப்படியென்றால் நான் சொன்னது பாதி வைத்தியம். 64 பிட் 19 இலக்கம் வரை தாங்கும். உன் பட்டியல் மொத்தத்தையும் கூட்டினாலே 16 இலக்கம்தான் வர வேண்டும், வழிந்து போக இடமே இல்லை. எண்ணிக்கையே தப்பு. பட்டியலின் முதல் ஏழு வரியை இங்கே போடு.

சுங்கைடுவா பையன்:
0-க்கு 1, 1-க்கு 0, 2-க்கு 0, 3-க்கு 7, 4-க்கு 7, 5-க்கு 2, 6-க்கு 34.
3 வாக்கு மாநிலங்கள் டிசியோடு சேர்த்து ஏழு. அது சரியாக வந்ததும் மற்றதும் சரி என்று விட்டுவிட்டேன்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
தம்பி, அந்த 34-ஐக் கையால் எண்ணிப் பாருங்கள். 6 வாக்கு உள்ளவை ஆறு: அர்கன்சா, அயோவா, கன்சஸ், மிசிசிப்பி, நெவாடா, யூட்டா. 3-ம் 3-ம் சேரும் ஜோடி, ஏழில் இரண்டு, 21. ஆக 27. உங்களுக்கு ஏழு கூடுதலாக வந்திருக்கிறது. யார் அந்த ஏழு? அலாஸ்காவோடு அலாஸ்கா, வயோமிங்கோடு வயோமிங், இப்படி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பந்தலில் ஒரே ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை வரிசையில் நிற்பான் பாருங்கள், அதே கதை.

நீங்கள் பட்டியலை நிரப்பும் சுழற்சியை (லூப்) 0-இலிருந்து மேலே ஓட்டியிருப்பீர்கள். அலாஸ்காவை 3-இல் எழுதிவிட்டு 6-க்குப் போகும்போது, அந்த 3-இல் ஏற்கெனவே அலாஸ்கா உட்கார்ந்திருக்கிறது. 538-இலிருந்து கீழே இறங்கினால் இந்தக் கோளாறு வராது.

திருத்தியதும் கூட்டிப் பாருங்கள், அக்கா சொன்ன அந்த 16 இலக்க எண் அப்படியே வர வேண்டும். 100-க்கு எதிரே உள்ளதும் 438-க்கு எதிரே உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கலிபோர்னியாவை மட்டும் வெளியே வைத்து, மற்ற 50-க்கும் பட்டியல் போட்டு, 216 முதல் 269 வரை (கலிபோர்னியாவின் 54 சேர்ந்தால்தான் இவை 270-ஐத் தொடும்) கூட்டி, 2-இன் 50-ஆம் அடுக்கால் வகுங்கள்.

சுங்கைடுவா பையன்:
ஐயா, 27 வந்துவிட்டது! மொத்தமும் கடைசி இலக்கம் வரை சரி. கலிபோர்னியா சுமார் 46 விழுக்காடு, வயோமிங் 2.3 விழுக்காடு.

ஆனால் புதுக் குழப்பம். 54 வாக்கு, 3-ஐப் போல 18 மடங்கு. பலம் மட்டும் ஏன் சுமார் 20 மடங்கு? வாக்கும் பலமும் ஒன்றுதானே?

பட்டர்வொர்த் வாத்தியார்:
ஒன்றில்லை என்று காட்டத்தான் பான்ஸாஃப் என்ற வழக்கறிஞர் 1965-இல் எழுதினார். நியூயார்க் மாநிலத்து நாசோ கவுன்டி வாரியத்தில் 31, 31, 28, 21, 2, 2 என்று வாக்கு, 58 இருந்தால் தீர்மானம் நிறைவேறும். முதல் மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் 58 தாண்டிவிடும். ஒருவர் மட்டும் போய் மற்ற மூவரையும் சேர்த்துக்கொண்டாலும் 56-தான். ஆக 21 வைத்திருந்தவர் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் ஒன்றுதான்.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் ஊருக்கே வாருங்கள். 2022 நவம்பர் 19 மலேசியப் பொதுத் தேர்தலை யாரும் மறந்திருக்க மாட்டோம். கட்சிக் கூட்டணிகள் எடுத்த இடங்கள்: ஹராப்பான், மூடா கட்சியின் ஒன்றையும் சேர்த்து, 82. பெரிக்காத்தான் 73. பாரிசான் 30. சரவாக்கின் ஜிபிஎஸ் 23. ஆட்சிக்கு 112. மற்றவர்களை விட்டுவிட்டு, அரசியலையும் விட்டுவிட்டு, இந்த நான்கை மட்டும் வைத்து எண்ணுங்கள்: ஹராப்பான் 5 கூட்டணிகளில் இன்றியமையாதது, பெரிக்காத்தான் 3, பாரிசான் 3, ஜிபிஎஸ் 1. 73-க்கும் 30-க்கும் ஒரே பலம்! 82-ம் 30-ம் சேர்ந்தால் மிகச் சரியாக 112 என்பதால் வந்த வினை. மூடாவின் அந்த ஒரு இடத்தை எடுத்துவிட்டால் 111 ஆகிவிடும், நான்கு எண்களும் மாறும். எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

செந்தூல் அக்கா:
தே தாரேக் கடையில் அன்று இரவு எல்லாரும் கால்குலேட்டரும் கையுமாக இருந்தது ஞாபகம் வருகிறது ஐயா.

தம்பி, அறிக்கையில் ஒரு இடத்தில் கவனம். மாநிலத்தின் பலம் வேறு, அங்கே ஓட்டுப் போடுகிற ஆளின் பலம் வேறு. 2020 கணக்கெடுப்பில் கலிபோர்னியா 39,538,223 பேர், வயோமிங் 576,851 பேர். தலைக்கு வகுத்தால் வயோமிங்காரருக்கு 3.8 மடங்கு செல்வாக்கு. பத்திரிகையில் எல்லாம் இதைத்தான் எழுதுவார்கள். பான்ஸாஃப் கணக்கோ தலைகீழ். மக்கள்தொகை 68 மடங்கு பெருகினால் ஒரு ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான், சுமார் 8.3 மடங்குதான், குறையும். பலம் 20 மடங்கு இருப்பதால் கலிபோர்னியாக்காரருக்குத்தான் 2.4 மடங்கு.

சுங்கைடுவா பையன்:
அக்கா, இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? எதை எழுதுவது?

செந்தூல் அக்கா:
இரண்டையும் எழுது. எந்த அனுமானத்தில் எது வருகிறது என்றும் எழுது. அந்த வர்க்கமூலம், ஒவ்வொருவரும் காசு சுண்டி ஓட்டுப் போடுகிறார் என்று வைத்துக்கொண்டால் வருவது. கலிபோர்னியாவில் யார் ஜெயிப்பார் என்று காசு சுண்டியா பார்க்கிறார்கள்? 2000-இல் புளோரிடாவில் கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டில் வித்தியாசம் 537, அந்த 25 தேர்வாளர் வாக்கால்தான் புஷ் 271-க்கு வந்தார். அன்று பலம் யாரிடம் இருந்தது என்று சொல்லவே வேண்டாம். கெல்மன், காட்ஸ், பஃபூமி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2004-இல் உண்மையான தேர்தல் முடிவுகளை வைத்துப் பார்த்து, இந்த வர்க்கமூலம் பொருந்தவில்லை என்றே காட்டினார்கள். என் கட்சி அவர்கள் கட்சிதான். ஆனால் மாநிலங்களுக்கு இடையேயான விதியை மட்டும் எடைபோட உன் 46 விழுக்காடு போதும்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
269-269 என்று சமன் ஆனால் என்ன என்று விரிவுரையாளர் நிச்சயம் கேட்பார். பிரதிநிதிகள் சபைக்குப் போகும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு, 26 வேண்டும், டிசிக்கு வாக்கு இல்லை. அங்கே வயோமிங்கும் கலிபோர்னியாவும் சமம். நம் ஆட்சியாளர்கள் மாநாட்டில் பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு இருப்பதுபோல.

சுங்கைடுவா பையன்:
ரொம்ப நன்றி ஐயா, அக்கா. மேய்னும் நெப்ராஸ்காவும் வாக்கைப் பிரித்துக் கொடுக்கும், நான் முழுசாகக் கொடுப்பதாக வைத்துவிட்டேன். அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். மூடா இல்லாத கணக்கும் போட்டாயிற்று ஐயா: பெரிக்காத்தான் தவிர வேறு யாரோடும் ஹராப்பான் இருவராக ஜெயிக்க முடியாது, பாரிசானும் ஜிபிஎஸ்ஸும் சமமாகிவிடுகின்றன. 4, 4, 2, 2 வருகிறது. சரியா?

பட்டர்வொர்த் வாத்தியார்:
சரி. அப்படியே அனுப்புங்கள்.