தொட்டி மண்ணில் நெளிந்த கறுப்புப் புழு

கேள்வி: மல்லிகைத் தொட்டியின் மண்ணை மாற்றியபோது ஈர்க்குச்சி கனத்தில் பளபளவென்று ஒன்று நெளிந்தது. மண்புழுவென்று நினைத்தால் நாக்கை நீட்டுகிறது! காதில் புகுந்துவிடும் என்று மாமியார் உப்புடன் நிற்கிறார். என்ன செய்வது?

பதில் 1: உப்பை ரசத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது புழுப்பாம்பு, நஞ்சில்லை. எறும்பு, கறையானின் முட்டைகளும் இளம்புழுக்களும்தான் உணவு. கண்கள் செதிலுக்கு அடியில் வெறும் கரும்புள்ளிகள். வால் நுனியில் சின்ன முள் உண்டு; கையில் எடுத்தால் குத்திப் பார்க்கும், அவ்வளவுதான்.

கேட்டவர்: ஜோடியும் உள்ளே இருக்குமோ?

பதில் 1: ஜோடியே தேவையில்லை. இந்த இனத்தில் எல்லாமே பெண்கள், ஆணின்றியே முட்டையிடும். தொட்டி மண்ணோடு ஒன்று கப்பலேறினாலும் போதும், போன இடத்தில் வம்சம் பெருகிவிடும். ஃபுளோரிடாவரை பரவியது அப்படித்தான்.

பதில் 2: வெயில் தரையில் போடாதீர்கள், காய்ந்துவிடும். ஈரமண்ணில் விடுங்கள்.