தக்குவாபா பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களுக்கு வணக்கம். தாய்லாந்தில் பாங்கா மாகாணத்திலுள்ள தக்குவாபா வட்டாரத்துக்கு ஜனவரியில் போகிறேன். அதற்காக உங்கள் உதவி தேவைப்படுகிறது.

'நாங்கூருடையான் தொட்ட குளம் பேர் அவனிநாரணம்' (நாங்கூர்க்காரர் தோண்டிய குளத்தின் பெயர் அவனிநாரணம்) என்று சொல்லும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இந்தப் பக்கத்தில்தான் கிடைத்தது. குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் உள்ளிட்டோரின் பாதுகாப்பில் விட்டிருக்கிறார்கள். வெட்டியவர் ஊரைச் சொன்னார், குளத்தின் பெயரையும் சொன்னார். இடத்துக்கு வழி மட்டும் சொல்லவில்லை!

என் குழப்பம் நிர்வாக எல்லையில் தொடங்குகிறது. புத்தகங்கள் 'தக்குவாபா கல்வெட்டு' என்கின்றன. ஆனால் கண்டெடுத்த பிரா நாராய் குன்று, இன்றைய கணக்கில் பக்கத்து கபோங் வட்டாரத்தில் இருக்கிறது. தக்குவாபா 1930களின் தொடக்கம் வரை தனி மாகாணம். வெள்ளீயச் சுரங்கத்தால் செழித்த ஊர். பிறகுதான் பாங்காவோடு இணைத்தார்கள். பெயர்ப் பலகை மாறினாலும் கல்வெட்டின் பெயர் மாறவில்லை.

அங்கே மாகாணத்துக்குக் கீழே 'அம்போ' (வட்டாரம்), அதற்குக் கீழே 'தம்போன்', கடைசியில் கிராமம். தம்போன் தலைவர் 'கம்னான்'. குன்றுக்குப் போகுமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்வது மரியாதை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த தாய்லாந்து மொழி 'சவாதி க்ராப்' (வணக்கம்) மட்டுமே.

கம்னானுக்குத் தாய்லாந்து மொழியில் நான்கு வரிக் கடிதம் எழுதித் தர யாராவது முன்வருவீர்களா? ஃபூகெட்டிலிருந்து பஸ்ஸில் தக்குவாபா போனவர்கள், அங்கிருந்து கபோங்குக்கு எப்படிப் போனீர்கள் என்றும் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் எனக்கு ஓட்ட வராது.