இரண்டு வருடமும் அதே கால்சட்டை: பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட் எடுத்தவர்கள் எழுதுங்கள்

எட்டு வயதுப் பையனின் அம்மா

குளோனிடின் மாத்திரை கொடுத்து வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட் போன வாரம் முடிந்தது. உச்ச அளவு 4.2 தான், குறைவு. இன்னொரு டெஸ்டுக்கும் நாள் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை போட்டதும் பிரஷர் இறங்கி, கால் பக்கம் கட்டிலைத் தூக்கி வைத்தார்கள், அப்புறம் சரியாகிவிட்டது. நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அலமாரியில் இருந்து அவன் கால்சட்டைகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். போன வருடம் வாங்கியது சரியாக இருந்தது. அதற்கு முந்தின வருடம் வாங்கியதும் சரியாக இருந்தது. கீழ்மடிப்பைப் பிரித்துவிட வேண்டிய வேலைகூட இல்லை. "நல்லதாப் போச்சு, இந்த வருஷமும் புதுசு வேண்டாம்" என்று அவனிடமே சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

நான்கு மாதம் கழித்து காய்ச்சலுக்குப் போனபோது டாக்டர் தற்செயலாக உயரம் எடுத்தார். தடுப்பூசி அட்டையில் இருந்த பழைய அளவுகளை எல்லாம் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தார். நான்கு வயது வரை ஒரு கோட்டை ஒட்டியே போயிருக்கிறான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடாகத் தாண்டிக் கீழே இறங்கி, கடைசிக் கோட்டுக்கும் அடியில் வந்து நிற்கிறான். கடைசி ஒரு வருடத்தில் வளர்ந்தது 3 செ.மீ. இந்த வயதில் வருடத்துக்கு 5 செ.மீ.யாவது இருக்க வேண்டுமாம். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு முதிர்ந்திருக்கிற அளவு, ஐந்தரை. தைராய்டு சரியாக இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உடம்பில் உண்டாகிற ஐஜிஎஃப்-1 குறைவு.

ஐந்தரை வயதுத் தங்கச்சி அவன் காதளவுக்கு வந்துவிட்டாள். அதைப் பார்த்தும் "அவள் வளர்த்தி" என்றுதான் நினைத்தேன். இப்போது அலமாரியைத் திறக்கவே பிடிக்கவில்லை.

பதினொரு வயதுப் பெண்ணின் அப்பா

நாங்களும் வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட் என்று கேட்டுத்தான் போனோம். வகுப்பில் இவள்தான் முதல் வரிசை, எப்போதும்.

டாக்டர் எந்த டெஸ்டும் எழுதவில்லை. முதலில் கூந்தலைத் தூக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார். பிறகு கையை இறுக்கி மூடச் சொன்னார். நான்கு விரல் முட்டிகளில் மூன்றுதான் எழும்பி நின்றன. மோதிர விரலுக்கு நேராக, முட்டி வர வேண்டிய இடத்தில் சின்னக் குழி. மற்றொரு கையிலும் அப்படியே. பதினொரு வருடமாக நான் பிடித்துக்கொண்டு நடந்த கை அது. ஒரு நாள்கூட அந்தக் குழியை நான் பார்த்ததில்லை.

குரோமோசோம் டெஸ்டில் டர்னர் சிண்ட்ரோம் என்று வந்தது. இரண்டு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். சின்ன வயதில் மாறி மாறிக் காதில் சீழ் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று வருடம் காது டாக்டரிடம் மட்டும் அலைந்தோம். இதயம், சிறுநீரகம் இரண்டுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள், பயப்படும்படி ஒன்றும் இல்லை. இவளுக்கு ஹார்மோன் சுரப்பில் குறை கிடையாது, ஆனாலும் வளர்ச்சி ஹார்மோன் ஊசிதான் போடுகிறோம். டர்னருக்கும் அது பலன் தரும்.

பெண் குழந்தை காரணம் தெரியாமல் குட்டையாக இருந்தால் குரோமோசோம் டெஸ்டைக் கேட்டு வாங்குங்கள். கழுத்தும் கையும் பார்க்க இயல்பாக இருந்தாலும் கேளுங்கள்.

தாமதமாக வளர்ந்த பையனின் அப்பா

முதலில் எழுதிய அம்மாவுக்கு. ஒரு டெஸ்டில் 4.2 வந்ததை வைத்து மனதில் முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளே ஒரு டெஸ்டில் குறைவாகக் காட்டுவது உண்டு, அதனால்தான் இரண்டு எடுக்கிறார்கள். உச்ச அளவு இதற்குக் கீழே வந்தால் குறை என்கிற எல்லை 10 என்பது பழைய கணக்கு, இப்போது பல இடங்களில் 7 வைக்கிறார்கள். எல்லையே மாறுகிற டெஸ்ட் இது.

என் பையனுக்கு அப்போது பதின்மூன்றரை வயது, எலும்பு வயது பத்தரை. பருவ மாற்றம் ஒன்றுமே தொடங்கவில்லை. நானும் அப்படித்தான், பள்ளி முடித்த பிறகுதான் வளர்ந்தேன். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை, நேராக டெஸ்ட். உச்சம் 6. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்தவர் அவன் எதிரிலேயே சொன்னார்: "பையன் ஃபெயில்."

படி இறங்கும்போது அவன் கேட்டான்: "இதுக்கு நான் என்னப்பா படிச்சிருக்கணும்?"

இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

வேறு டாக்டரிடம் போனோம். பருவம் தொடங்காத பெரிய பிள்ளைகளுக்கு உடம்பில் பருவ ஹார்மோன்கள் இல்லாததாலேயே டெஸ்ட் குறைவாக வரலாம் என்றார். டெஸ்டுக்குச் சுமார் பத்து நாள் முன்னால் ஒரே ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு மறுபடி எடுத்தார். 13 வந்தது. எந்தச் சிகிச்சையும் இல்லை. இப்போது பதினேழு வயது, 169 செ.மீ., இன்னும் வளர்கிறான். அவசரப்பட்டிருந்தால் வருடக் கணக்கில் ராத்திரி ராத்திரி ஊசி குத்தியிருப்பேன்.

கதவில் இடித்துக்கொண்டவளின் அம்மா

மேலே எழுதியவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "அப்பா மாதிரி, லேட்டா வளருவா" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அந்த வார்த்தைக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தோம்.

ஒன்பது வயது. காலையில் தலைவலி. ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பாள். நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். ஒரு நாள் அப்படி இடித்துவிட்டு, யாரோ ஆள் நிற்கிறார்கள் என்று நினைத்து "ஸாரி" என்றாள். திரும்பிப் பார்த்து, அது கதவு என்று தெரிந்ததும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பக்கவாட்டுப் பார்வை போயிருந்தது. எம்ஆர்ஐயில் பிட்யூட்டரிக்கு, அதாவது வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிற மூளையடிச் சுரப்பிக்கு, மேலே கட்டி. கிரேனியோஃபரிஞ்ஜியோமா. புற்றுநோய் இல்லை, ஆனால் பார்வை நரம்பை அழுத்திக்கொண்டு இருந்தது. அறுவை முடிந்தது. இப்போது தைராய்டு மாத்திரை, ஹைட்ரோகார்டிசோன், தண்ணீர் தாகத்துக்கு ஒரு மருந்து. கட்டி திரும்ப வரவில்லை என்று உறுதியான பிறகுதான் வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தொடங்கினார்கள்.

டெஸ்ட் வீண் என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

தாமதமாக வளர்ந்த பையனின் அப்பா

அம்மா, உங்கள் மகள் பட்டதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. டெஸ்ட் வீண் என்று நான் சொல்லவில்லை. என் பையன் குட்டைதான், ஆனால் வருடா வருடம் 5 செ.மீ. வளர்ந்துகொண்டே இருந்தான். அவன் கோடு கீழேயே இருந்தாலும் சாயவில்லை. உங்கள் மகளின் கோடு சாய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். வித்தியாசம் அங்கேதான். அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தார்களே என்றுதான் என் கோபம்.

கதவில் இடித்துக்கொண்டவளின் அம்மா

ஆமாம், சாய்ந்திருந்தது. யாரும் புள்ளி வைத்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி

என் கதை சின்னது. பல வருடம் முன்னால் ஒரு குழந்தைக்கு முதல் தடவை காலையிலும், ஆறு மாதம் கழித்து மாலையிலும் உயரம் எடுத்தேன். வளர்ச்சி கிட்டத்தட்ட பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த எண்ணை நம்பி அந்தக் குழந்தையைப் பட்டினி போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு செ.மீ.க்கு மேல்கூடக் குறையும். முதுகெலும்புத் தட்டுகள் பகலில் அமுங்குவதால் அப்படி. அந்தக் குழந்தை கையை நீட்டிக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். வீட்டில் அளந்தால் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே சுவரில் அளக்க வேண்டும். செருப்பு, சாக்ஸ் வேண்டாம், உச்சிக்கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். குதிகால், பிட்டம், தோள் மூன்றும் சுவரைத் தொட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். தலை மேல் புத்தகத்தை வைக்கும்போது அது சாயாமல் சுவருக்குச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். மாதா மாதம் அளந்து கவலைப்படாதீர்கள், ஆறு மாத இடைவெளியாவது இருந்தால்தான் வேகம் தெரியும்.

அப்புறம் பெற்றோர் உயரக் கணக்கு. அப்பா 170, அம்மா 156 என்றால் கூட்டினால் 326. பையனுக்கு அதோடு 13 கூட்டிப் பாதியாக்கினால் 169.5. பெண்ணுக்கு 13 கழித்துப் பாதியாக்கினால் 156.5. பிள்ளையின் கோடு இதற்கு ரொம்பக் கீழே போனால்தான் யோசிக்க வேண்டும். அப்பா, அம்மா உயரத்தைக் கேட்டு எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். ஆண்கள் கூட்டிச் சொல்வார்கள்.

சும்மா ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது விட்டு விட்டுச் சுரக்கிறது, அதிகம் வருவது ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் பூஜ்யம் காட்டினாலும் குறை என்று அர்த்தம் இல்லை. ஐஜிஎஃப்-1 நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், ஆனால் சாப்பாடு போதாத பிள்ளைக்கும், தைராய்டு குறைந்த பிள்ளைக்கும் அதுவும் இறங்கும். தைராய்டு குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் டெஸ்ட். ரொம்பக் குண்டான பிள்ளைக்கு டெஸ்ட் எண் குறைவாக வரும், அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுக்கிற பிள்ளை என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். உயரம் கூட்டும் என்று விற்கிற பவுடர்களை வாங்காதீர்கள். பசியில்லாத பிள்ளைக்குச் கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்த டெஸ்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பிறந்த நேரத்தில் சர்க்கரை இறங்கியதா, மஞ்சள் காமாலை நாள் கணக்கில் நீண்டதா என்று டாக்டர் கேட்பார். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

குதிகாலில் குத்துப்பட்ட பையனைப் பெற்றவர்

செவிலி அம்மா கடைசியில் சொன்னது எங்கள் கதை. என் பையனுக்குப் பிறந்த மறுநாள் ரத்தச் சர்க்கரை 28, ரொம்பக் குறைவு. ஏற்றினார்கள், மறுபடி இறங்கியது. குதிகாலில் குத்திக் குத்தி, ஊசித் தடம் இல்லாத தோலைத் தேடி நர்ஸ் அவன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா" என்றார்.

பிறக்கும்போது 50 செ.மீ. நீளம். அதனால் பிட்யூட்டரி பற்றி யாருக்கும் தோன்றவில்லை. வயிற்றுக்குள் இருக்கும்போது வளர்வதற்கு இந்த ஹார்மோன் அவ்வளவாகத் தேவைப்படாது என்று பின்னால் சொன்னார்கள். ஆணுறுப்பு ரொம்பச் சின்னதாக இருந்ததை நான் கேட்டேன், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. மூன்றாம் வாரமும் மஞ்சள் போகவில்லை. பிறகு ஒரு டாக்டர், சர்க்கரை இறங்கின நேரத்திலேயே ரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோனையும் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனையும் பார்த்தார். இரண்டும் இல்லை. எம்ஆர்ஐயில் பிட்யூட்டரியின் பின்பகுதி இடம் மாறி மேலே இருந்தது, அந்தச் சுரப்பியை மூளையோடு இணைக்கிற காம்பு நூலாக இருந்தது.

இப்போது நன்றாக இருக்கிறான். யார் வீட்டிலாவது பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கியது என்று கேள்விப்பட்டால் நான் கேட்காமல் விடுவதில்லை.

எட்டு வயதுப் பையனின் அம்மா

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். தலைவலி இல்லை, தாகம் இல்லை, கண் டாக்டரிடமும் காட்டிவிட்டேன். எம்ஆர்ஐ இரண்டாவது டெஸ்டுக்குப் பிறகு என்றிருக்கிறார்கள். அவன் பிறந்தபோது சர்க்கரை இறங்கவில்லை, தாளைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை குளுக்ககான் ஊசி டெஸ்ட். வாந்தி வரும் என்றார்கள். எவ்வளவு நேரம் இருக்கும்? அவன் வாந்திக்கு ரொம்பப் பயப்படுவான்.

தாமதமாக வளர்ந்த பையனின் அப்பா

எங்களுக்கு இரண்டாவது டெஸ்ட் அதுதான். மொத்தம் மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் சாதாரணமாகப் பேசிக்கொண்டு இருந்தான், அப்புறம்தான் குமட்டல். ஒரே தடவை வாந்தி எடுத்தான், கால் மணியில் தெளிந்துவிட்டான். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகும் சர்க்கரை இறங்கலாம், அதனால் அவன் சாப்பிட்டு, அவர்கள் சர்க்கரை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கிளம்புங்கள்.

ரிசல்ட் வாங்கப் போகும்போது அவனைக் கூட்டிப் போகாதீர்கள்.