மென்பொருள் புராஜெக்ட் ஜெயிக்க எதை முதலில் வைப்பீங்க?

புது லீட்:
வணக்கம். ஸ்டாக் கணக்குக்கு ஒரு மென்பொருள் தொடங்கப் போறோம். வெற்றிக்கான காரணிகளை வரிசைப்படுத்தித் தரச் சொல்லியிருக்காங்க. மென்பொருள் புராஜெக்ட்கள் ஏன் ஜெயிக்குது, ஏன் தோக்குதுன்னு ஆராய்ஞ்ச ஸ்டாண்டிஷ் குழுவோட 1994 கேயாஸ் அறிக்கையில பயனர் பங்கேற்பு 15.9%, முதலிடம். அடுத்து நிர்வாக ஆதரவு 13.9%, தெளிவான தேவைகள் 13%. திறமையான ஆட்கள் 7.2%, ஏழாவது இடம்! கோட் எழுதறவங்களுக்கு இவ்வளவுதான் மதிப்பா?

பின்தள டெவலப்பர்:
எனக்கு ஆட்கள்தான் முதல். தாமதமான புராஜெக்ட்ல ஆள் சேர்த்தா இன்னும் தாமதமாகும்னு மென்பொருள் நிபுணர் ஃபிரெட் பிரூக்ஸ் 1975லயே தன் புத்தகத்துல எழுதிட்டார். இருக்கிற நாலு பேர் சரியா அமையணும்.

பழைய அனலிஸ்ட்:
அந்த சதவீதங்களை அளவீடா எடுத்துக்காதீங்க. ஐடி மேலாளர்கள்கிட்ட கருத்து கேட்டு எண்ணினது அது. சொன்ன தேதி, சொன்ன செலவு, சொன்ன அம்சங்கள், இதைத்தான் வெற்றின்னு எடுத்துக்கிட்டாங்க. யாருமே தொடாத மென்பொருளும் அதுல தேறிடும்.

ஆனா முதலிடம் சரி. நான் பார்த்த ஒரு குடோன் மென்பொருள்ல பேட்ச் நம்பர், அதாவது சரக்குத் தொகுதியோட எண், போடாம சேவ் ஆகாது. தேவை ஆவணத்துல அப்படித்தான் இருந்தது, மேலாளர் கையெழுத்தும் இருந்தது. டெவலப்பர்கள் கெட்டிக்காரங்க, கேட்டதை அப்படியே செஞ்சு கொடுத்தாங்க. ஆனா சரக்கு இன்னிக்கு வரும், பேட்ச் விவரத் தாள் மறுநாள்தான் வரும். லாரி வாசல்ல நிக்கும்போது ஸ்டோர் கீப்பர் என்ன செய்வார்? 999னு அடிச்சு சேவ் பண்ணிடுவார். ரிப்போர்ட் எடுத்தா வரிக்கு வரி 999! ஒரு காலை நேரம் அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

அதனால தெளிவான தேவைகளை நான் தனியா வைக்கவே மாட்டேன். பயன்படுத்தறவர் கூட இருந்தாத்தான் அது கிடைக்கும். ரெண்டாவது நிர்வாக ஆதரவு. ஸ்டோர் கீப்பரை வேலை நேரத்துல உங்ககிட்ட அனுப்பற அதிகாரம் அங்கதானே இருக்கு? ஆட்கள் மூணாவது. மிச்சத்தை எப்படி அடுக்கினாலும் எனக்குச் சம்மதம்.

புது லீட்:
எங்க மேலாளர், பயனர்கள் சார்பா நானே பேசறேன்னு சொல்றாரே?

பழைய அனலிஸ்ட்:
பேசட்டும், தடுக்காதீங்க. முதல் திரை தயாரானதும், நேத்து வந்த நிஜ பில்களை தினமும் பதியறவர் கையாலயே மேலாளர் எதிர்ல பதிய வையுங்க. நீங்க விளக்கம் கொடுக்காதீங்க. கை எங்க நிக்குது, எதைத் தாள்ல குறிச்சு வச்சுக்கறாங்கன்னு மட்டும் எழுதிக்குங்க. அதைக் காட்டி, தினமும் பதியறவரையே உங்ககூட உட்கார அனுப்பச் சொல்லி மேலாளர்கிட்ட கேளுங்க.