கால்நடை மருத்துவம்: போடுற காசு திரும்புமா?

கேள்வி: கடலூர்ல இருக்கோம். பொண்ணு நீட் எழுதியிருக்கா. புதுச்சேரி குரும்பாப்பேட் அரசு கால்நடைக் கல்லூரியில இடம் கிடைக்குமா, போடுற காசு திரும்புமா சார்?

பதில் 1: முதல்ல இருப்பிடச் சான்றைப் பாருங்க. சென்டாக்ல (புதுச்சேரி அரசோட சேர்க்கைக் குழு) புதுச்சேரிக்காரங்களுக்கான ஒதுக்கீடு உங்களுக்கு வராது. உங்களுக்கு நீட் மார்க் உதவுறது அகில இந்திய 15 சதவீத ஒதுக்கீட்டுக்குத்தான். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு பிளஸ் டூ மார்க். அதுக்கு விண்ணப்பம் தனி. நீட்டை நம்பி அதை விட்டுடாதீங்க.

பதில் 2: படிப்பு மொத்தம் அஞ்சரை வருஷம், அதுல கடைசி 1 வருஷம் உள்ளிருப்புப் பயிற்சி. கல்லூரிக் கட்டணத்தை மட்டும் கூட்டினா கணக்கு உதைக்கும். விடுதி, மெஸ்ஸையும் 66 மாசத்துக்குப் போடுங்க. முடிச்சு கால்நடை மருத்துவ கவுன்சில்ல பதிவு பண்ணாம ஊசி போடக்கூடாது.

பதில் 3: அரசு கால்நடை மருத்துவர் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வருஷா வருஷம் வராது. இடைப்பட்ட காலத்துக்குப் பண்ணை வேலைதான் கை கொடுக்கும். தோள்வரை கையுறை மாட்டி மாட்டுக்குச் சினை பார்க்கணும், பாப்பா தயங்குமா? பக்கத்து கால்நடை மருந்தகத்துல ஒரு காலை நேரம் நிக்கச் சொல்லுங்க.