தற்கால நடன நிகழ்ச்சியின் குறிப்பேட்டில் எவ்வளவு விளக்கம் எழுதலாம்?

அரைமண்டி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடனத்தில் எம்.எஃப்.ஏ. என்னும் முதுகலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் துறையில் ஆய்வேட்டை எழுதினால் மட்டும் பட்டம் கிடைக்காது. நானே அமைத்த படைப்புகளைக் கொண்டு ஒரு முழு மாலை நிகழ்ச்சியையும் நடத்திக் காட்ட வேண்டும். 12 நிமிடத் தனிநடனம் ஒன்று, 9 நிமிட இருவர் நடனம் ஒன்று, 22 நிமிட ஐவர் நடனம் ஒன்று என மூன்று படைப்புகளை வைத்திருக்கிறேன். முதல் இரண்டைப் பற்றிக் கவலை இல்லை.

மூன்றாவது, ரேஷன் கடை வரிசையிலிருந்து பிறந்தது. நெடுநேரம் நிற்பவர்கள் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொள்வது, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது, இடம் பிடிப்பதற்காக ஒரு செங்கல்லை வைத்துவிட்டு நிழலுக்கு ஒதுங்குவது ஆகியவற்றை வைத்துத்தான் அசைவுகளைத் தொடங்கினேன். ஆறு மாத ஒத்திகையில் அவையெல்லாம் கரைந்துபோய், இப்போது எடைமாற்றம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஆடுகிற ஐந்து இளங்கலை மாணவர்களும் ரேஷன் கடையையே பார்த்ததில்லை.

பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இதற்கு அரைப் பக்கமாவது விளக்கம் வேண்டும் என்கிறார் மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர். இன்னொருவர் தலைப்பைத் தவிர ஒரு சொல்லும் கூடாது என்கிறார். திருநெல்வேலியிலிருந்து என் அப்பாவும் வருகிறார். சபாக்களில் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் ஒருவர் வந்து பொருள் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டுப் பழகியவர் அவர். நான் என்ன எழுதுவது?

கால்தடம் எழுதிய மறுமொழி:

இதே படிப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரி. உங்கள் குழுவின் சண்டை புதியதன்று. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம், இசையமைப்பாளர் ஜான் கேஜோடு சேர்ந்து, நடனத்தையும் இசையையும் தனித்தனியே உருவாக்கி மேடையில்தான் சந்திக்க வைத்தார். அசைவு அசைவையே குறிக்கட்டும் என்பது அவருடைய நிலை. அவருடைய ஸ்டூடியோவில் ராபர்ட் டன் என்பவர் நடத்திய நடன அமைப்பு வகுப்பின் மாணவர்கள்தாம் 1962 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் தங்கள் முதல் நிகழ்ச்சியை வழங்கினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நடன அமைப்பு வகுப்புகளில் இன்று நாம் செய்யும் பயிற்சிகளில் பல அந்த வழியில் வந்தவை. "ஒரு சொல்லும் கூடாது" என்கிற பேராசிரியரும் அநேகமாக அந்த மரபில் வளர்ந்தவராக இருப்பார்.

எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் உருவாக்கிய விமர்சன முறையை வகுப்பில் பயன்படுத்தியிருப்பீர்கள்: பார்த்தவர்கள் முதலில் தங்களுக்குப் பொருள்பட்டதைச் சொல்வார்கள், பிறகு படைப்பாளி கேள்வி கேட்பார், அதன்பின் பார்த்தவர்கள் சார்பற்ற கேள்விகளைக் கேட்பார்கள், கடைசியாக, படைப்பாளி அனுமதித்தால் மட்டும், கருத்துச் சொல்வார்கள். குறிப்பே இல்லாமல் ஐந்தாறு பேருக்கு ஐவர் நடனத்தைக் காட்டிவிட்டு முதல் படியை மட்டும் நடத்துங்கள். "காத்திருப்பு" என்ற சொல் யாரிடமிருந்தாவது தானாக வந்தால், நீங்கள் விளக்க வேண்டியது மிகக் குறைவு. வரவில்லை என்றால் சிக்கல் நடனத்தில் இருக்கிறது. அரைப் பக்கம் எழுதி அதைச் சரிசெய்ய முடியாது.

கடைசிவரிசை எழுதிய மறுமொழி:

நான் ஆடுபவன் அல்லன். சென்னையில் நாற்பது ஆண்டுகளாகப் பார்வையாளன். நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் 'ஷரீரா'வை முதன்முதலாகப் பார்த்தபோது, குந்தேச்சா சகோதரர்கள் பாடிய துருபத் என்னும் இந்துஸ்தானி இசைக்கு இரண்டு உடல்கள் அவ்வளவு மெதுவாக நகர்ந்ததைக் கண்டு பொறுமையிழந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதையைத் தேடிக்கொண்டிருந்ததுதான் என் தவறு. ஆனால் களரிப்பயிற்றும் யோகமும் பரதமும் அவருடைய படைப்புகளில் ஒன்றுக்கொன்று அருகே நிற்கின்றன என்பதை 1985இல் வந்த 'அங்கிகா' காலத்திலிருந்தே அறிந்திருந்ததால், எங்கே பார்க்க வேண்டும் என்பது மெல்லப் பிடிபட்டது. எனவே ஒரு சொல்லும் கூடாது என்ற கட்சியோடு எனக்கு உடன்பாடு இல்லை. என்ன பொருள் என்று சொல்லாதீர்கள், அம்மா. எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி வீணாகக் கவலைப்படுகிறீர்கள். ரேஷன் கடையில் நின்றவர் அவர். அந்த அரங்கில் குறிப்பு தேவைப்படாத ஒரே ஆள் அவராகவும் இருக்கலாம்.

பக்கவிளக்கு எழுதிய மறுமொழி:

மேடை ஒளியமைப்புச் செய்பவள் நான். எழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எடைமாற்றம்தான் படைப்பு என்றால், அது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னாலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் உடல் தட்டையாகிவிடும். இடுப்பு ஓர் அங்குலம் சாய்வதை ஆறாவது வரிசையிலிருந்து யாரும் காண மாட்டார்கள். மேடையின் இருபுறமும் கம்பங்களில் கணுக்கால், இடுப்பு, தலை ஆகிய உயரங்களில் விளக்குகளைப் பொருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். நடனத்துக்கு இந்தப் பக்கவாட்டு ஒளியை நிலைபெறச் செய்தவர்களில் முக்கியமானவர் நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமோடு பணியாற்றிய ஒளியமைப்பாளர் ஜீன் ரோசென்தால். கணுக்கால் உயர விளக்கின் ஒளி தரையில் படாதபடி மறைக்கப்பட்டிருந்தால், பாதத்தில் எடை ஏறி இறங்குவது தனியாகத் தெரியும். தொழில்நுட்ப ஒத்திகைக்குப் பொதுவாகச் சில மணி நேரமே கிடைக்கும் என்பதால், இதை ஒளியமைப்பாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அரைமண்டி மீண்டும் எழுதியது:

நேற்று ஆறு பேருக்குக் காட்டினேன். இருவர் "காத்திருப்பு" என்றார்கள். ஒருவர் "பேருந்து நிலையம்" என்றார். மற்றவர்கள் கால்களைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அரைப் பக்கத்தை அழித்துவிட்டு இரண்டு வரிகளில் நிறுத்தியிருக்கிறேன்: "இந்த நடனம் நெடுநேரம் நிற்பதிலிருந்து தொடங்கியது. எந்தக் காலில் எடை இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருங்கள்." அரைப் பக்கம் கேட்ட பேராசிரியர் இன்னும் சம்மதிக்கவில்லை, நீக்கிய பகுதியை ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

பக்கவிளக்கு எழுதிய மறுமொழி:

இரண்டு வரியானாலும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். இரண்டாம் நடனம் முடிந்ததும் பார்வையாளர் பகுதியில் ஒரு நிமிடமாவது மங்கலான வெளிச்சம் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லோரும் கைப்பேசி வெளிச்சத்தில் படிப்பார்கள்.