பழைய எட்ஜ் 530 போதுமா, 540-க்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

ஒத்தக்கடை

வணக்கம். கைபேசியை முதுகுப்பையில் வைத்துக்கொண்டே இதுவரை என் சைக்கிள் பயணங்களைப் பதிவு செய்து வந்தேன். இனி ஹேண்டில்பாரில் பொருத்தும் ஜிபிஎஸ் கணினி ஒன்று வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் தம்முடைய கார்மின் எட்ஜ் 530-ஐ 17,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். அடுத்த தலைமுறையான 540-ஐப் புதிதாக வாங்கினால், ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் கூடுதலாகிறது.

வார நாள்களில் விடியுமுன் கிளம்பி மேலூர்ச் சாலையிலோ அழகர்கோவில் வரையிலோ போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நத்தம் பக்கம், அல்லது சிறுமலை ஏற்றம். வரும் பருவத்தில் 300 கிலோமீட்டர் பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டும் எண்ணமும் உண்டு. பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறேன். இருபதாயிரம் எனக்குச் சிறிய தொகை அன்று. அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, அது நம் சாலைகளில் பயன்படுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருநகர்

சகோதரி, தயங்காமல் புதியதையே வாங்குங்கள். 530 வந்தது 2019-இல், 540 வந்தது 2023-இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் மாறியது பெயர் மட்டும் அன்று.

முதலாவது, இரட்டை அலைவரிசை. 530 கேட்பது எல்1 எனப்படும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் வரிசையை மட்டுமே. 540 அத்துடன் எல்5 எனப்படும் 1176.45 மெகாஹெர்ட்ஸ் வரிசையையும் கேட்கிறது. எல்5-இன் குறியீடு பத்து மடங்கு வேகத்தில் அனுப்பப்படுவதால், செயற்கைக்கோளிலிருந்து நேராக வந்த சமிக்ஞை எது, பாறையிலோ சுவரிலோ பட்டுத் தெறித்து ஒரு கணம் பிந்தி வந்தது எது என்று கருவியால் நன்றாகப் பிரித்தறிய முடிகிறது. சிறுமலையில் ஒரு பக்கம் மலைச்சரிவும் மேலே மரக்கிளைகளும் மூடிய வளைவுகளில், ஒற்றை அலைவரிசைக் கருவி வரைந்த கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாலையை விட்டு விலகிப் பள்ளத்துக்குள் இறங்கி ஏறியிருக்கும்.

இரண்டாவது, மின்கலம். தயாரிப்பாளர் கணக்குப்படி 530-க்கு 20 மணிநேரம், 540-க்கு 26 மணிநேரம். 300 பிரவேக்கு அனுமதிக்கப்பட்ட நேரமே 20 மணிநேரம்தான். ஏற்கெனவே சில கோடைகளைக் கண்ட மின்கலம் பெட்டியில் அச்சிட்ட எண்ணை எட்டாது. மின்கலத்தை நாமே கழற்றி மாற்றவும் வழியில்லை.

மூன்றாவது, ஏற்றம் காட்டும் திரை. இன்னும் எத்தனை மீட்டர் ஏற வேண்டும், அடுத்த சரிவு எத்தனை சதவீதம் என்பதை 530 காட்ட வேண்டுமானால், வழித்தடத்தை முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும். 540-இல் வழித்தடம் இல்லாமலே அது தானாக வரும்.

நாகமலை

திருநகர் அண்ணன் சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் அந்த எண்கள் உங்கள் சாலைகளில் எந்த அளவுக்கு உறைக்கும் என்பதுதான் கேள்வி. அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

நீங்கள் நத்தம் போகிறீர்கள். 2023-இல் திறக்கப்பட்ட மதுரை–நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம் உடையது. அதன் அடிச்சாலையில் ஓட்டும்போது தலைக்கு மேல் கான்கிரீட், பக்கவாட்டில் தூண்கள். அரைவாசி வானம் மறைந்துவிட்ட இடத்தில் ஒரு அலைவரிசையோ இரண்டோ, இருப்பதைக் கொண்டுதான் கணக்கிட முடியும். அங்கே வேகத்தையும் தூரத்தையும் பிசகாமல் காட்டுவது சக்கரத்தின் அச்சில் மாட்டும் வேக உணரி; அது வானத்தைப் பார்ப்பதே இல்லை, சக்கரச் சுற்றை எண்ணுகிறது. டயரின் சுற்றளவைச் சரியாகக் கொடுத்துவிட்டால் போதும். 700க்கு 25 டயருக்கு 2105 மில்லிமீட்டர், 28 டயருக்கு 2136. டயரை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் பிசகும். எந்த எல்5-உம் தராத துல்லியத்தை அந்தச் சிறிய உணரி 530-க்கே தந்துவிடுகிறது.

சிறுமலை வளைவுகளையும் பார்ப்போம். இந்தக் கருவிகள் நொடிக்கு ஒரு புள்ளி பதிகின்றன. இறக்கத்தில் 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். கொண்டை ஊசி வளைவின் உள்மூலையில் எட்டு மீட்டர் என்பது வளைவின் பெரும்பங்கு. ஆகவே கோடு மூலையை வெட்டிச் செல்வது ஓரளவுக்கு இரண்டு கருவிகளிலும் இருக்கும்.

ஏறிய உயரம் பற்றி யாரும் பேசவில்லை. அதை இரண்டு கருவிகளுமே காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணிக்கின்றன. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காற்றழுத்தம் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்கும் மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வுக்கும் நாள்தோறும் போய்வருகிறது. வித்தியாசம் மூன்று, நான்கு மில்லிபார். ஒரு மில்லிபார் குறைந்தால், கருவி எட்டு முதல் ஒன்பது மீட்டர் மேலே போய்விட்டதாகக் கொள்ளும். அதாவது, காலை பத்து மணிக்குக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு நான்கு மணிக்கு வந்து பார்த்தால், அது தானாகவே முப்பது மீட்டர் ஏறியிருக்கும். இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் இந்த இயற்கை மாறப்போவதில்லை. மாற்று வழிக்குச் செலவே இல்லை: ஏதாவது ஒரு ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையின் அடியில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். பலகையருகே நின்று அந்த எண்ணைக் கருவியில் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. 'புதியது' என்று இங்கே சொல்லப்படும் 540-க்கும் அடுத்ததாக 550, 2025 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. திரை பிரகாசமானது, ஆனால் கடும் பயன்பாட்டில் மின்கலம் 12 மணிநேரம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதாவது பிந்தி வந்த மாடல் என்பதாலேயே எல்லாவற்றிலும் மேலாக இருந்துவிடாது. 530 அறிமுக விலை 299.99 டாலர், 540 அறிமுக விலை 349.99 டாலர். வெளிவந்த நாளில் இரண்டுக்கும் இடையே இருந்தது ஐம்பது டாலர்தான். இன்று உங்கள் முன் இருக்கும் இருபதாயிரத்தில் பெரும்பகுதி பெட்டி பிரிக்காத பொருள் என்பதற்கான விலை.

அந்தப் பணத்துக்கு என் பரிந்துரை பின்பக்க ரேடார். வேரியா ஆர்டிஎல்515 போன்றது விளக்காகவும் எரியும், 140 மீட்டர் பின்னால் வரும் வாகனத்தையும் கண்டு 530-இன் திரையிலேயே காட்டும். மேலூர் நான்குவழிச் சாலையில் நீங்கள் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்னால் ஒரு கார் 80-இல் வந்தால், அது உங்களை எட்டுவதற்கு ஏறத்தாழ ஒன்பது நொடி முன்னதாகவே தெரிந்துவிடும். விடியுமுன் தனியாக ஓட்டுபவருக்கு அந்த ஒன்பது நொடியைவிட மேலான எதையும் ஒரு புதிய ஜிபிஎஸ் சில்லு தந்துவிடாது.

செல்லூர்

இரண்டுமே எதற்கு என்று கேட்கிறேன். இரட்டை அலைவரிசை கேட்கும் கைபேசி 2018-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. கையில் இருப்பதை ஹேண்டில்பாரில் மாட்டினால் செலவு சில நூறு ரூபாய்.

நாகமலை

விடியற்காலை ஒரு மணிநேரப் பயணத்துக்குக் கைபேசி போதும், மறுக்கவில்லை. ஆனால் ஐபோனை 35 டிகிரி வரையிலான வெப்பநிலையில் பயன்படுத்தும்படிதான் ஆப்பிள் சொல்கிறது. சித்திரை வெயிலில் நம் ஊர் நண்பகலுக்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சூடேறினால் திரை மங்கும், சில நேரம் அணைந்தும் போகும். மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று அதே நிறுவனம் 2021-இல் எச்சரித்ததையும் நினைவில் கொள்ளலாம். தவிர, விபத்தில் உதவிக்கு அழைக்க வேண்டிய பொருளை விழுந்தால் முதலில் தரையில் மோதும் இடத்தில் ஏன் மாட்ட வேண்டும்? அது முதுகுப்பையிலேயே இருக்கட்டும்.

திருநகர்

ரேடார் வாங்குங்கள் என்ற கருத்தை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் அதற்காகப் பழைய கருவியை எடுக்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். ரேடாரை ஆறு மாதம் கழித்தும் வாங்கலாம். ஹேண்டில்பாரில் இருக்கும் கருவியை அடுத்த ஆறேழு ஆண்டுகளுக்கு மாற்றப்போவதில்லை. அத்தனை ஆண்டுக்கும் அதற்கு மென்பொருள் கிடைக்க வேண்டும். 2019 மாடலுக்குப் புதிய வசதிகள் இனி வரும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. உத்தரவாதமும் கிடையாது.

வேக உணரி பற்றிச் சொன்னது தூரத்துக்குப் பொருந்தும். வழிகாட்டலுக்குப் பொருந்தாது. பிரவே நாளில் இரவு இரண்டு மணிக்கு, தெரியாத கிராமத்தில், இரண்டு சந்துகள் பத்து மீட்டர் இடைவெளியில் பிரியும்போது எதில் திரும்புவது என்று சொல்ல வேண்டியது சக்கரமல்ல, செயற்கைக்கோள். தவறிப் போனால் 530 மறுவழி கணக்கிட எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடுதல்.

இன்னும் எனக்குப் பெரிதாகப் படுவது மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு பிரவே ஓட்டினால், மின்கலம் தீர்ந்த கருவிக்குப் பவர் பேங்கிலிருந்து வயர் கொடுக்க, அடியிலுள்ள ரப்பர் மூடியைத் திறந்துவைத்தபடி நனைந்துகொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். 540 அந்த 20 மணிநேரத்தையும் மூடியைத் திறக்காமலே கடந்துவிடும். எஞ்சிய நேரத்தில் சகோதரியின் மற்ற கருவிகளுக்கு உள்ள அதே சி வகை வயரிலேயே சார்ஜ் ஏறும். 530-க்குப் பழைய மைக்ரோ யூஎஸ்பி வயரைத் தனியாகச் சுமக்க வேண்டும்.

நாகமலை

அண்ணன், மழையைப் பற்றிச் சொன்னது வலுவான வாதம். ஆனால் 300 பிரவேயில் கண்ட்ரோல் எனப்படும் சோதனை நிலையத்தில் முத்திரை வாங்கவும் இட்லி சாப்பிடவும் எப்படியும் கூரையின் கீழ் உட்காருவார்கள். அந்த அரைமணியில் ஏறும் சார்ஜ் மிச்சத் தூரத்துக்குப் போதும். ஓட்டிக்கொண்டே ஏற்ற வேண்டியதில்லை. 600-உம் அதற்கு மேலும் ஓட்டப்போகிறார் என்றால் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன். 40 மணிநேர வரம்பில் 26 மணிநேரக் கருவிக்கும் பவர் பேங்க் வேண்டும்தான், ஆனால் ஒரே முறை போதும்.

ஒத்தக்கடை

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நான் எங்கே இருக்கிறேன் என்பதை வீட்டார் பார்க்கும் வசதியும், விழுந்தால் தகவல் அனுப்பும் வசதியும் 540-இல் கூடுதலாக உண்டா? அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

மேலூர்

சகோதரி, அந்த இரண்டு வசதியும் 530-இலும் உண்டு. இரண்டு கருவிகளிலும் சிம் கிடையாது. உங்கள் முதுகுப்பையிலுள்ள கைபேசியின் வழியாகவே தகவல் போகும். ஆகவே கோபுர இணைப்பு இல்லாத மலைப்பகுதியில் இரண்டுமே ஊமைதான். மலைக்குப் போகும் நாளில் எந்த மணிக்குள் கீழே இறங்கிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது எந்தக் கருவியும் செய்ய முடியாத வேலை.

பழையதை எடுப்பதாக இருந்தால் பணம் கொடுக்குமுன் சிலவற்றைப் பாருங்கள். சார்ஜ் மூடியை நகத்தால் திறந்து, ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, துளைக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வியர்வை உப்பு முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும். வயரைச் செருகி இலேசாக ஆட்டும்போது சார்ஜ் விட்டுவிட்டு ஏறக்கூடாது. ஏழு பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பின்புறம் ஹேண்டில்பார் தாங்கியில் கால்வட்டம் திருப்பிப் பூட்டும் காதுகள் தேய்ந்திருந்தால், கருவி ஒருநாள் பள்ளத்தில் குதித்து லாரிக்கடியில் போய்விடும். விற்பவருடைய கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொல்வதற்கும் மறக்காதீர்கள்.

திருநகர்

மேலூர் நண்பர் சொன்ன சோதனைகள் எல்லாம் நல்லவை. மின்கலச் சோதனை மட்டும் விட்டுப்போயிற்று. அது இல்லாமல் 17,000 கொடுக்கக்கூடாது. என் தேர்வு இப்போதும் 540தான். ஆனாலும் பழையதை எடுப்பதென்றால், ஒரு நாள் இரவல் வாங்கி, முழுதாகச் சார்ஜ் செய்து, இதயத்துடிப்புப் பட்டை, வேக உணரி, கைபேசி எல்லாவற்றையும் இணைத்து, வழித்தடம் ஒன்றை ஏற்றிப் பதிவைத் தொடங்கி, வானம் தெரியும் நிழலான இடத்தில் 12 மணிநேரம் விடுங்கள். புதுக் கருவியாக இருந்தால் 40 சதவீதம் மிஞ்ச வேண்டும். 30 மிஞ்சினால் மொத்தம் ஏறத்தாழ 17 மணிநேரம் தாங்கும் என்று பொருள். அதற்குக் கீழே என்றால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், விட்டுவிடுங்கள்.

நாகமலை

இதில் அண்ணனுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. 30-க்குக் கீழே என்றால் நானும் 540 என்றே சொல்வேன்.

ஒத்தக்கடை

அவரிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை காலை கருவியைத் தருகிறார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்து 12 மணிநேரம் ஓடவிடப் போகிறேன். மலைச் சாலையில் கோடு சற்று விலகுவது எனக்குப் பொருட்டில்லை. ஏற்றத்துக்கான வழித்தடத்தையும் முந்தைய இரவே ஏற்றிக்கொள்ள முடியும். 600 ஓட்டும் திட்டம் இப்போதைக்கு இல்லை. எனவே 30 சதவீதமும் அதற்கு மேலும் மிஞ்சினால் 530-உம் ரேடாரும். மிஞ்சாவிட்டால் 540-ஐ இப்போது வாங்கிவிட்டு, ரேடாரைத் தீபாவளிக்குப் பிறகு. முடிவை ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதுகிறேன்.